பென்சில் வட்டம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சில்லு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. குளிரில் பல் மட்டும் தந்தியடிக்கிறது. நீ, அண்ணி, பாப்பா எல்லோரும் சுகம்தானே? பதினாறு வயதில் பாப்பா என்று கூப்பிடக் கூடாது என்று உன் மகள் சண்டை போடுவாள். போடட்டும், நான் தூரத்தில் இருக்கிறேன்.

வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாளே கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். 'வருகைதரு நிபுணர், வலிப்பு நோய்ப் பிரிவு' என்று அச்சடித்திருக்கிறது. நான் டாக்டர் இல்லை, தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பதிவெடுக்கிற டெக்னீஷியன்தான் என்று சொல்லிப் பார்த்தேன். நம் மருத்துவமனையும் இதுவும் ஆள் மாற்றிக்கொள்ளும் இந்தப் பயிற்சித் திட்டத்தில் யார் வந்தாலும் ஒரே அட்டைதானாம். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

மெஷின் நம்முடையதேதான். அதே பதினாறு பேனா, அதே மை வாசனை, மடிந்து மடிந்து விழும் அதே தாள். இங்கே டெக்னீஷியன் பதிவை எடுப்பதோடு சரி. நான் பழக்கதோஷத்தில், சந்தேகமான கூர் அலை தெரிந்த இடங்களில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு வைத்துவிட்டேன். தலைமை டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். நன்றாகத் திட்டு வாங்கப் போகிறோம் என்று போனேன். எல்லோரையும் வரச் சொல்லி, "இந்த அம்மா போட்ட மூணு வட்டமும் சரி" என்றார். நம் ஊரில் டாக்டர் இல்லாத நாளில் நாங்களே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது இங்கே வித்தையாகிவிட்டது.

ஒரே ஒரு விஷயம். வேளாவேளைக்குத் தூங்கு. ராத்திரி முறைக்கு ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் கெஞ்சினாலும் ஒத்துக்கொள்ளாதே. ஏன், எதற்கு என்று கேட்காதே.

அண்ணிக்கு என் அன்பு.

சில்லு


ஜனவரி 28

அன்புத் தங்கை, வருகைதரு நிபுணர் அவர்களுக்கு,

டிரைவர் அண்ணன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். உன் கடிதத்தைப் பாப்பா சத்தமாகப் படித்தாள். பாப்பா என்று வந்த இடத்தில் மட்டும் இருமினாள்.

எனக்கும் பதவி உயர்வுதான். நீ இருக்கும் ஊரிலிருந்து இங்கே வந்திருக்கும் டாக்டர்களுக்கு வண்டி ஓட்ட என்னைப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் மூன்று பேர். பெரியவர் ஒரு அம்மா. ஆறடிக்குக் குறையாது. பின் சீட்டில் கால் அடங்காததால் என் பக்கத்தில்தான் உட்காருவார். நானும் நம் சின்ன டாக்டரும் அவருக்கு நெட்டை டாக்டர் என்று பேர் வைத்துவிட்டோம். இதோடு நான்காவது முறை வருகிறாராம், தமிழ் கற்றிருக்கிறார், ஆனால் புத்தகத்தில். டீ வேணுமா என்று கேட்டால், "தற்போது தேவையில்லை, நன்றி" என்கிறார். எனக்கு வானொலிச் செய்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருக்கிறது.

வாரம் இரண்டு நாள் வெளியூர் முகாம். புதன்கிழமை உங்கள் பிரிவுக்குப் பிள்ளைகள் வந்துபோகும் வண்டி வழக்கம்போல என் கையில்தான். பதினெட்டும் ஏறி, எண்ணி, கதவைச் சாத்துவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

உன் அண்ணிக்கு என்மேல் புதுக் குற்றச்சாட்டு. பேசிக்கொண்டே இருக்கும்போது நான் பதில் சொல்லாமல் சுவரைப் பார்க்கிறேனாம். "கல்யாணமாகி பதினெட்டு வருஷம் கழிச்சுக் காது கேக்காத மாதிரி நடிக்கக் கத்துக்கிட்டீங்க" என்கிறாள். நடிப்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

தூக்கத்தைப் பற்றி என்ன திடீர்ப் பிரசங்கம்? நான் கும்பகர்ணன் பரம்பரை என்று தெரியாதா?

சளி பிடிக்காமல் இரு. மப்ளரைச் சுற்றிக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அண்ணி சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. சுவரைப் பார்க்கிற அந்த நேரத்தில் அவர்கள் பேசுவது உன் காதில் விழுகிறதா, இல்லையா? எவ்வளவு நேரம் அப்படி இருக்கிறாய்? வாய் மெல்லுகிற மாதிரி அசைகிறதா? கை சும்மா எதையாவது தடவுகிறதா? அண்ணியிடம் கேட்டு எழுது. இங்கே ஒரு பாடத்துக்காகக் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

முகாமுக்கு அத்தனை தூரம் ஓட்ட உன்னையே ஏன் போடுகிறார்கள்? உனக்கு முதுகு வலி உண்டே. அதைச் சொல்லி வேறு டிரைவருக்கு மாற்றிவிடச் சொல். பிள்ளைகள் வண்டியையும் கொஞ்ச நாள் அவரே பார்த்துக்கொள்ளட்டும். நீ கேட்டால் சூப்பர்வைசர் மறுக்க மாட்டார்.

இங்கே வேலை அதிகம். ஒரு நாளைக்கு ஆறு பதிவு. குழந்தைகள் ஒயரைப் பிடுங்காமல் இருக்க நான் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு பேர் வைத்துக் கதை சொல்கிறேன். பாஷை புரியாமலே கேட்டுக்கொண்டு படுத்திருக்கின்றன.

மறக்காமல் பதில் எழுது. முதுகு விஷயத்தையும் எழுது.

சில்லு


மார்ச் 2

அன்புள்ள சில்லுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம். பாப்பாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது, அதனால் வீட்டில் யாரும் தும்மக்கூடாது என்று உத்தரவு.

என் முதுகு உன்னிடம் எப்போது புகார் கொடுத்தது? அது இரும்பு. ஒன்பது வருடம் தற்காலிகமாக ஓட்டி, நிரந்தரமாகி இப்போதுதான் இரண்டு வருடம். இந்த நேரத்தில் போய், ஐயா எனக்கு முதுகு வலி, வேறு ஆளைப் போடுங்கள் என்று சொன்னால் உட்கார வைத்துவிட மாட்டார்களா? நெட்டை டாக்டர் என்னைத்தான் கேட்டு வாங்குகிறார். "தாங்கள் பொறுமையுடன் ஓட்டுகிறீர்கள்" என்று சான்றிதழ் வேறு.

உன் கேள்விகளை அண்ணியிடம் கேட்டேன். "உங்க தங்கச்சிக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். பிறகு யோசித்து, சட்டைப் பித்தானைத் தடவுவேன் என்றாள். யார்தான் தடவ மாட்டார்கள்?

போன வாரம் ஒரு வேடிக்கை. முகாமுக்குப் போகும் வழியில், பாலம் எப்போது வரும் என்று நானே சின்ன டாக்டரைக் கேட்டிருக்கிறேன். "பாலம் தாண்டிப் பத்து நிமிஷம் ஆச்சுண்ணே" என்றார். பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நெட்டை டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நம் நகைச்சுவை இன்னும் பிடிபடவில்லை.

மேலே ஒரு வரி கோணலாக ஓடியிருக்கும். பேனா நழுவிவிட்டது. திருப்பி எழுதச் சோம்பலாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நெட்டை டாக்டரைத் தனியாகப் பார். அண்ணி சொன்னதையும் பாலத்து விஷயத்தையும் அவரிடம் அப்படியே சொல். தலைவலி என்றாவது சொல்லிப் பேச்சை ஆரம்பி. அவர் பார்க்கிற வரைக்கும் வண்டியைத் தொடாதே. புதன்கிழமை வண்டியைக் கட்டாயம் தொடாதே.

ஏன் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. கடிதத்தில் எழுத வரவில்லை. இரண்டு தாளை எழுதிக் கிழித்துவிட்டேன். வந்ததும் நேரில் சொல்கிறேன்.

என்மேல் கொஞ்சமாவது பாசம் இருந்தால் செய்.

சில்லு


ஏப்ரல் 19

அன்புள்ள சில்லுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். இவ்வளவு நாளும் அவரே எழுதுவார், கடைசியில் அண்ணி கேட்டதாகச் சொன்னாள் என்று ஒரு வரி சேர்ப்பார். இன்று நானே பேனாவை எடுத்திருக்கிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. நீ சுகமாக இருக்கிறாயா?

உன் அண்ணன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. மார்ச் கடைசி வாரத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பயப்படாதே, விபத்து எதுவும் இல்லை, யாருக்கும் கீறல்கூட இல்லை. அவருக்கு இருப்பது வலிப்பாம். விழுந்து கைகால் வெட்டி இழுப்பதுதான் வலிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆள் உட்கார்ந்த இடத்திலேயே காணாமல் போவதும் அதுதானாம். இத்தனை நாளும் காது கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று நான் அவரைத் திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறார். முதல் பத்து நாள் தலைசுற்றல் இருந்தது, இப்போது இல்லை. உடம்பைப் பற்றி எனக்குக் கவலை குறைந்துவிட்டது. எனக்குப் புரியாதது வேறொன்று. உன் கடிதங்களை எல்லாம் தேதி வாரியாக மேஜையில் அடுக்கி வைத்திருக்கிறார். தினமும் எடுத்துப் படிக்கிறார். பதில் மட்டும் எழுதுவதில்லை. "சில்லுக்கு ரெண்டு வரி எழுதுங்களேன், அது பயந்துட்டு இருக்கும்" என்றேன். "எழுதுறேன். அதுக்கு முன்னாடி அது எனக்கு எழுதட்டும்" என்றார். அதுதான் விடாமல் எழுதுகிறதே என்றேன். அதற்குப் பதில் இல்லை. இந்த முறை காது கேட்டுத்தான் பதில் சொல்லவில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன? எனக்குச் சொல்ல வேண்டாம். அவரிடம் சொல்லிவிடு.

உன் அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியின் கடிதம் கிடைத்தது. அவர்களைக் கோபிக்காதே. நீ மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாய் என்று தெரிந்ததில் மூச்சு வந்தது. ஒரு வேளைகூட விடாதே.

மார்ச்சுக்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ எதற்காகக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாமலும் இருக்கலாம் என்று இன்னொரு பக்கம் மனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார், இப்போதும் சுற்றி வளைக்கிறேன்.

நான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் நாலு நாள் கொடு.

சில்லு


மே 4

சில்லுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மார்ச் இருபத்து நான்காம் தேதி, காலை ஒன்பதரை. விருந்தினர் விடுதியிலிருந்து நெட்டை டாக்டரையும் சின்ன டாக்டரையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெரிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. நிறுத்தினேன். அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

அடுத்து எனக்குத் தெரிவது பின்னால் வண்டிகள் அலறுவது. என் தோளில் சின்ன டாக்டரின் கை. கை பிரேக் மேலே இழுத்திருக்கிறது, நான் இழுக்கவில்லை. சாவி நெட்டை டாக்டரின் மடியில். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வலது கை சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டிருந்தது. அது என் கை மாதிரியே இல்லை.

"தங்கள் பெயர் என்ன?" என்றார். பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன். "ஐம்பது வினாடிகள்" என்றார். பிறகு, "மீதித் தூரம் நாம் நடப்போமா? சின்ன டாக்டர் ஓட்டி வருவார்" என்றார்.

மூன்று கிலோமீட்டர் நடந்தோம். அவருடைய ஒரு அடிக்கு நான் இரண்டு அடி. பழக்கடை தாண்டும்போது, "இது முதல் முறையா?" என்றார்.

"தெரியலை டாக்டர்."

"தெரியவில்லை என்பது உண்மையா, பயமா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். வையவில்லை. அந்த அம்மா வைதிருந்தால் தேவலாம்.

மறுநாள் பதிவு எடுத்தார்கள். உன் இடத்தில் இருக்கும் பெண் ஒட்டினாள், நன்றாகத்தான் செய்தாள். இதற்கு முன்னால் எப்போதாவது எடுத்திருக்கிறதா என்று நெட்டை டாக்டர் கேட்டார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு புது மெஷின் வந்தபோது, ஓட்டிப் பார்க்க ஒரு தலை வேண்டும் என்று நீ என்னைப் படுக்க வைத்தாயே. அதைப் பெருமையாகச் சொன்னேன். பதிவேட்டு அறைக்காரர் அரை நாள் தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். கட்டின் மேல் 'சோதனை ஓட்டம்' என்று எழுதி என் பெயரும் தேதியும் போட்டிருந்தது.

நெட்டை டாக்டர் நின்றபடியே தாளைத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது பக்கத்துக் கோடுகளில் ஊசி மாதிரி ஒன்று எழும்பியிருந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு சின்ன வட்டம்.

"இதைக் குறித்தவர் நன்கு அறிந்தவர்" என்றார். "யார் இவர்?"

"தெரியலை டாக்டர்" என்றேன்.

அதற்கு நாலு நாள் கழித்து உன் மார்ச் கடிதம் வந்தது. டாக்டரைப் பார், காரணத்தை நேரில் சொல்கிறேன் என்று.

என் வேலை போனதற்காக நான் கோபப்படவில்லை. அதை நீ நம்ப வேண்டும். ஆனால் இரண்டு வருடம், சில்லு. புதன்கிழமை தவறாமல் பதினெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் நீ ஒயர் ஒட்டியிருக்கிறாய். ஒவ்வொன்றின் பேரும் உனக்குத் தெரியும். வாசலில் நின்று கையசைத்து அனுப்பியிருக்கிறாய். என் பின்னால்.

நானும் யோக்கியன் இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு, எப்படி வந்தோம் என்று வழி ஞாபகம் இல்லாத நாட்கள் எனக்கு இருந்தன. ஒன்றல்ல, ஏழெட்டு. களைப்பு என்று நானே பேர் வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று ஒரு சாக்கு வேறு. ஆகவே நான் உயரத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வட்டம் என்ன? எழுத்தில் எழுது. நேரில் வேண்டாம். நேரில் என்றால் நீ அழுவாய், நான் போதும் விடு என்று சொல்லிவிடுவேன்.

அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. நாலு நாள் கேட்டவள் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டேன். நீ நலமா என்று கேட்கும் உரிமையை இந்தக் கடிதத்தின் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வட்டத்தைப் போட்டது நான்.

அன்று மத்தியானம் நீ பணி நிரந்தர உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாய். பையைத் தட்டித் தட்டிக் காட்டினாய். மடங்கிவிடும், எடுத்து வை என்றேன். மாட்டேன் என்று அதோடேயே படுத்துக்கொண்டாய். எட்டாவது நிமிடம் தூங்கிப் போனாய். தூக்கம் வந்ததும் இடது பக்கப் பேனாக்கள் எகிறின. ஒயர் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து எழுந்து வந்து பசை வைத்து அழுத்தினேன். மறுபடி எகிறின. ஐந்து முறை. ஐந்தாவதைச் சுற்றி என் கை தானாக வட்டம் போட்டது. போட்ட பிறகுதான் யாருடைய தலை என்று உறைத்தது.

நீ விழித்து, "மெஷின் நல்லா இருக்கா?" என்றாய்.

"நல்லா இருக்குண்ணா" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

அலையை மட்டும் பார்த்து நோய் என்று சொல்லக் கூடாது, ஒன்றுமே இல்லாத ஆட்களுக்கும் எப்போதாவது அப்படி வரும், முடிவு டாக்டருடையது, இப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது உண்மை. ஆனால் அதே பாடம் தாளை டாக்டரிடம் கொடு என்றும் சொல்கிறது. முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். கொடுத்திருந்தால் அன்று சாயங்காலமே உன் உத்தரவைத் திரும்ப வாங்கியிருப்பார்கள். நீ ஓட்டியதால்தான் நான் படித்தேன் அண்ணா. உன் ஒன்பது வருடத்தை நான் ஒரு பென்சிலால் அழிக்கிறதா என்று நினைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நினைத்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை வாசலில் ஏன் நின்றேன் என்று உனக்குத் தெரியாது. உன் முகத்தைப் பார்க்க. இன்று தெளிவாக இருக்கிறானா என்று பார்த்துவிட்டு, இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போவேன். வண்டி திரும்பி வந்த சத்தம் கேட்கிறவரை எந்தப் பதிவிலும் கண் நிற்காது. பதினெட்டுப் பேரையும் பணயம் வைத்தது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வைத்தேன். இந்த வரியை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

நெட்டை டாக்டர் போன வாரம் இங்கே ஊர் திரும்பினார். இதுதானே அவருடைய மருத்துவமனை. அவர் அறைக்குப் போய், வட்டம் போட்டது நான், நான் அந்த டிரைவரின் தங்கை என்றேன். உட்காரச் சொன்னார். "அறிவேன். தங்கள் அண்ணன் 'தெரியலை' என்று கூறிய வேகத்திலேயே அறிந்தேன். தாங்கள் வந்து கூறுவதற்காகக் காத்திருந்தேன்" என்றார். அதற்கு மேல் அவர் என்னைத் தேற்றவில்லை. நான் அதை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

இங்குள்ள தலைமை டாக்டரிடமும் சொன்னேன். நம் பெரிய டாக்டருக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். படிப்பை முடித்துவிட்டு வரலாம், வந்ததும் விசாரணை இருக்கும். அது முடிகிறவரை நான் தனியாகப் பதிவெடுக்கக் கூடாது. கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை, அது இல்லாவிட்டால் வாசலில் காவலாளி உள்ளே விடமாட்டார் என்றார்கள்.

நீ எனக்காகப் பொய் சொன்னாய். நான் அதுபோல் ஒரு பொய்யை உனக்காகச் சொன்னேன் என்று இனிமேல் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் பொய் எனக்காகவும்தான். உன் முகம் வாடுவதை நான் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்காகவும்தான்.

எப்படி இருக்கிறாய் அண்ணா?

சில்லு


ஜூன் 24

அன்புள்ள சில்லு,

சுகமாக இருக்கிறேன். பத்து வாரமாக ஒரு தடவைகூடக் காணாமல் போகவில்லை. உன் அண்ணி நிமிடத்துக்கு ஒருமுறை "கேக்குதா?" என்கிறாள். கேட்கிறது என்று சொல்லியே வாய் வலிக்கிறது. பாப்பா தேறிவிட்டாள், மார்க்கை உனக்குத் தானே எழுதுவாளாம்.

உன் கடிதத்தைப் படித்தேன். அண்ணியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்து, "முழுசா எழுதியிருக்கு" என்றாள். அதுதான் எனக்கும் தோன்றியது.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். புதன்கிழமை காலை அந்த வண்டி கிளம்பும்போது இன்னும் வருகிறது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. உன்மேல் பாதி, என்மேல் பாதி இருக்கும். இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ளலாம், வேறு வழியில்லை.

இப்போது பஸ்ஸில்தான் போகிறேன். உட்கார்ந்ததும் என் வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். உரிமத்தைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார் சின்ன டாக்டர். பார்க்கலாம்.

மருத்துவமனை என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. நெட்டை டாக்டர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வலிப்புப் பிரிவுக்கு வருகிறவர்களில் வண்டி ஓட்டுகிறவர்களைத் தனியாகப் பார்க்கிறார்கள். லாரி, பஸ், டாக்ஸி எல்லாம் வருகிறார்கள். டோக்கன் கொடுத்துப் பெஞ்சில் உட்கார வைப்பது என் வேலை. டிரைவர்கள் டாக்டரிடம் பொய் சொல்வார்கள், டிரைவரிடம் சொல்ல மாட்டார்கள் என்று அந்த அம்மா கணக்குப் போட்டிருக்கிறார். டிரைவர்கள் என்னிடம் சொல்வது எதையும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்பது எனக்கு உத்தரவு. சரியென்று தலையாட்டியிருந்தேன். சுலபம் என்று நினைத்துத்தான் ஆட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு லாரிக்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும். சம்சாரம் வற்புறுத்தி அனுப்பியிருக்கிறாள். ஓட்டும்போது வந்திருக்கிறதா என்று உள்ளே சின்ன டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொல்லிவிட்டார். மருந்துச் சீட்டு எழுதுகிறவரை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நானும் ஓட்டினவன் என்று தெரிந்ததும் பக்கத்தில் நகர்ந்து, "அண்ணே, ரெண்டு தடவை மலைப்பாதையில ஆயிருச்சு. ஒரு தடவை முன் சக்கரம் தடுப்புக் கல்லுல ஏறித்தான் நின்னுச்சு. உள்ள சொல்லிடாதீங்க. ஓடலைன்னா வீட்டுல நாலு வயிறு" என்றார்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை எல்லாம் ஸ்டியரிங் காய்ப்பு. என் கையில் இருக்கிற அதே இடத்தில்.

நான் உள்ளே போகவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அதற்கடுத்ததையும் கூப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். இவர் இனிமேல் ஜாக்கிரதையாக ஓட்டுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும், எதற்கு நாம் என்றும் சொல்லிக்கொண்டேன். எதிரே கடிகாரம் இருந்தது, அதனால் தெரியும், பத்து நிமிடம்.

பிறகு அவரிடம் போய், "நீங்களே உள்ள போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன். சட்டென்று எழுந்துவிட்டார். "நீயும் டிரைவர்தானேயா" என்றார். நான் உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சீட்டை வாங்காமல் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை சம்சாரத்தோடு வந்து மாத்திரை வாங்கினார். லாரியை அவர் மைத்துனர் ஓட்டுகிறாராம். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டியதும் இல்லை.

சரியானதைச் செய்தேன் என்று உன்னிடம் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பெயரைக்கூட டோக்கன் அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கே எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அவர் என் கூடப் பிறந்தவராக இருந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை சில்லு. இந்தத் 'தெரியலை' பொய் இல்லை.

விசாரணைக்கு நானும் வருகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொண்டு வந்து சேர்.

உன் அண்ணன்